சிலிண்டரில் இன்னும் எவ்வளவு கேஸ் இருக்கு? முள் சொல்லாத கணக்கு

சமையல் கேஸ் சிலிண்டரில் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன வட்ட மீட்டர் விற்கிறார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம், நடுவில் ஒரு முள். பச்சையில் நின்றால் நிறைய இருக்கு, மஞ்சள் என்றால் குறைஞ்சிடுச்சு, சிவப்பு வந்தால் புக் பண்ணிடுங்க என்று அட்டையில் போட்டிருக்கும். வாங்கி மாட்டினவர்கள் சொல்வது வேறு: "மாசம் பூரா பச்சையிலேயே நின்னுச்சு சார். ஒரு நாள் காலையில திடீர்னு சிவப்புக்குப் போச்சு, இட்லி வேகறதுக்குள்ள அடுப்பு அணைஞ்சிடுச்சு."

மீட்டரில் கோளாறு ஒன்றும் இல்லை. அது அழுத்தத்தை அளக்கும் கருவி. அழுத்தத்தைச் சரியாகத்தான் காட்டியது. அழுத்தம் தெரிந்தால் அளவு தெரிந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல். அப்படி நினைக்க நமக்கு நல்ல காரணமும் இருக்கு. பிளஸ் ஒன் வேதியியலில் வாயு நிலைமை பாடத்தில் "பிவி இஸ் ஈக்வல் டு என்ஆர்டி" என்று மனப்பாடம் பண்ணியிருக்கிறோம். அழுத்தம் பெருக்கல் கன அளவு, சமம், மோல் எண்ணிக்கை பெருக்கல் மாறிலி பெருக்கல் வெப்பநிலை. சிலிண்டரின் கன அளவு மாறாது. அடுப்படி வெப்பநிலையும் பெரிதாக மாறாது. அப்படியானால் மோல் எண்ணிக்கை பாதியாகும்போது அழுத்தமும் பாதியாகணும், இல்லையா?

ஆகாது. ஏன் ஆகாது என்பதைப் புரிந்துகொண்டால் வாயு விதிகள் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதும் பிடிபடும். கணக்காகவே போட்டுப் பார்ப்போம்.

வீட்டுச் சிலிண்டரில் அடைப்பது 14.2 கிலோ. சிலிண்டரின் உள் கொள்ளளவு 33.3 லிட்டர். உள்ளே இருப்பது முக்கியமாக புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. விகிதம் இடத்துக்கு இடம் மாறும். கணக்குக்காக மோல் அளவில் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். புரோப்பேனின் மோலார் நிறை 44, பியூட்டேனுக்கு 58, சராசரி 51. 14,200 கிராமை 51-ஆல் வகுத்தால் சுமார் 278 மோல்.

27 டிகிரி செல்சியஸில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், எந்த வாயுவாக இருந்தாலும் ஒரு மோல் ஏறக்குறைய 24.6 லிட்டர் இடம் பிடிக்கும். 278 மோல் என்றால் சுமார் 6,840 லிட்டர். அத்தனையையும் 33.3 லிட்டருக்குள் திணித்தால் அழுத்தம் 6,840 வகுத்தல் 33.3, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல 205 மடங்கு.

உண்மையில் சிலிண்டருக்குள் இருப்பது சுமார் 6 மடங்குதான். 205 எங்கே, 6 எங்கே! பரீட்சையில் இப்படி ஒரு விடை வந்தால் கூட்டல் கழித்தலில் தப்பு தேடுவோம். இங்கே கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. "இது வாயுதானா?" என்ற முதல் கேள்வியைக் கேட்காமலே சூத்திரத்தில் எண்களைப் போட்டுவிட்டோம்.

சந்தேகமாக இருந்தால் பெட்டிக்கடையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் வருகிற சிகரெட் லைட்டர் ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. உள்ளே தண்ணீர் மாதிரி ஒரு திரவம் ஆடும். அது பியூட்டேன். நம்ம சிலிண்டருக்குள்ளும் அதே கதைதான், இரும்பு என்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை. புதுச் சிலிண்டரில் சுமார் 26 லிட்டர் திரவம், மேலே மீதி 7 லிட்டர் இடத்தில் ஆவி. அந்த ஆவியின் எடை நூறு கிராம்கூட வராது. "கேஸ் சிலிண்டர்" என்று சொல்கிறோமே தவிர, 14.2 கிலோவில் 14.1 கிலோ திரவம்.

(அந்த 7 லிட்டர் இடத்தை ஏன் வீணாக விடுகிறார்கள் என்று கேட்கலாம். வீண் இல்லை. வெயிலில் திரவம் விரியும். விரிய இடமில்லாமல் முழுக்க நிரப்பியிருந்தால், திரவத்தை அமுக்க முடியாது என்பதால் அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறிவிடும்.)

இப்போ அந்த 6 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மூடிய பாத்திரத்தில் திரவமும் அதன் ஆவியும் சேர்ந்து இருக்கும்போது, திரவத்திலிருந்து மூலக்கூறுகள் மேலே கிளம்பிக்கொண்டே இருக்கும். ஆவியிலிருந்து சில மூலக்கூறுகள் திரும்ப வந்து விழுந்துகொண்டும் இருக்கும். போவதும் வருவதும் சமமாகும்போது அழுத்தம் ஓர் எண்ணில் நிலைத்துவிடும். இதுதான் ஆவி அழுத்தம். இது வெப்பநிலையைப் பொறுத்தது, என்ன பொருள் என்பதைப் பொறுத்தது. கீழே திரவம் எவ்வளவு கிடக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பத்து கிலோ இருந்தாலும் ஒரு கிலோ இருந்தாலும் அழுத்தம் அதேதான்.

இது மனசில் ஒட்டாமல் போவதுண்டு, அதனால் ஒரு கல்யாண மண்டபத்தைக் கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு 200 இலை. ஒருவர் எழுந்தால் வெளியே காத்திருப்பவர் ஒருவர் வந்து உட்காருகிறார். வெளியே கூட்டம் இருக்கிற வரைக்கும் எப்போது எட்டிப் பார்த்தாலும் உள்ளே 200 பேர்தான். அந்தத் தலைகளை எண்ணி "இன்னும் எத்தனை பேர் சாப்பிடணும்?" என்று சமையல்காரருக்குச் சொல்ல முடியுமா? முடியாது. வெளியே கூட்டம் தீர்ந்து, கூடத்தில் நாற்காலி காலியாக ஆரம்பித்த பிறகுதான் உள்ளே இருக்கிற தலை எண்ணிக்கைக்கு அர்த்தம் வரும். அப்போது எண்ணுவதால் பிரயோஜனம் இல்லை, கடைசிப் பந்தி ஓடிக்கொண்டிருக்கும்.

மீட்டரின் முள் எண்ணுவது இந்த உள்ளே இருக்கிற தலைகளைத்தான்.

இதில் ஒரு சின்னத் திருத்தம் சொல்லியாகணும். உள்ளே ஒரே பொருளாக இருந்தால் முள் கடைசி வரை அசையாது. இருப்பதோ கலவை. 27 டிகிரியில் தனி புரோப்பேனின் ஆவி அழுத்தம் சுமார் 10 பார், தனி பியூட்டேனுக்கு 2.6 பார் (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட ஒரு வளிமண்டல அழுத்தம்). ரௌல்ட் விதிப்படி கலவையில் அவரவர் பங்குக்கு ஏற்ப அழுத்தம் தருவார்கள்: பாதி பத்தும் பாதி 2.6-ம் சேர்ந்து 6.3. இதில் 5 பங்கு புரோப்பேனுடையது. அதாவது திரவத்தில் சரிபாதியாக இருந்தாலும், மேலே ஆவியில் ஐந்தில் நாலு பங்கு புரோப்பேன்தான். அடுப்புக்குப் போவது மேலே உள்ள ஆவி. ஆக புரோப்பேன் முதலில் வேகமாகத் தீரும், நாள் போகப் போக சிலிண்டரில் பியூட்டேன் மிஞ்சும், அழுத்தம் மெல்ல இறங்கி 3 பக்கம் வரும். முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது உண்மைதான். ஆனால் அது காட்டுவது உள்ளே எவ்வளவு இருக்கு என்பதை அல்ல, என்ன மிஞ்சியிருக்கு என்பதை.

ஊட்டி, கொடைக்கானலில் மார்கழி தை மாதம் விடியற்காலையில் அடுப்பு மந்தமாக எரியும் என்று அங்கே இருப்பவர்கள் சொல்வார்கள். பியூட்டேனின் கொதிநிலை கழித்தல் 0.5 டிகிரி. உறைபனி விழுகிற காலையில் அதன் ஆவி அழுத்தம் வெளியே இருக்கிற காற்றின் அழுத்தத்தோடு கிட்டத்தட்ட சமம். தள்ளிக்கொண்டு வெளியே வர அதுக்குத் தெம்பு இருக்காது. புரோப்பேனின் கொதிநிலை கழித்தல் 42. அதுக்கு ஊட்டிக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. அதனால் புதுச் சிலிண்டர் குளிரிலும் சமாளித்துவிடும், பழகித் தீரப்போகிற சிலிண்டர்தான் தகராறு பண்ணும்.

சரி, திரவத்தின் கடைசிச் சொட்டும் ஆவியாகிவிட்டது. இப்போதுதான் உள்ளே இருப்பது வெறும் வாயு. பாடப்புத்தகத்து விதிகள் இங்கேயிருந்து வேலை செய்ய ஆரம்பிக்கும். 3 பார், 33.3 லிட்டர், 27 டிகிரி. கணக்குப் போட்டால் சுமார் 4 மோல், 230 கிராம். இனி ஒவ்வொரு கிராம் வெளியேறும்போதும் அழுத்தம் ஒழுங்காக அதே விகிதத்தில் குறையும். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு வந்ததும் ஓட்டம் நின்றுவிடும். அப்போது உள்ளே இன்னும் 1.35 மோல், அதாவது 75 கிராமுக்குக் கொஞ்சம் மேல் மிச்சம் இருக்கும். அது வெளியே வரவே வராது.

ஆக விதிப்படி முள் நகர்கிற காலத்தில் நமக்குக் கிடைப்பது சுமார் 150 கிராம். ஒரு நடுத்தர பர்னரை முழுசாகத் திறந்து வைத்தால் மணிக்குச் சுமார் 140 கிராம் எரியும். மாசம் முழுக்க ஓடுகிற சிலிண்டரில், அந்த மீட்டர் நிஜமாகவே அளவைக் காட்டுவது கடைசி ஒரு மணி நேரம்! இட்லி வேகறதுக்குள்ள அணைஞ்சிடுச்சு என்று சொன்னவர் துல்லியமாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அளவு தெரியணும் என்றால் எடை போடணும். சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் தகடு ஒன்றில் காலிச் சிலிண்டரின் எடை எழுதியிருக்கும், பெரும்பாலும் 15, 16 கிலோ பக்கம். தராசில் வருகிற மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் கேஸ். வீட்டுக்குக் கொண்டுவந்து தரும்போதும் இதே கணக்கைக் கேட்கலாம். கொண்டுவருபவர் தராசில் வைத்துக் காட்ட வேண்டும். மூடி சீலோடு இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வது நம் பழக்கமாகிவிட்டது.

"அப்போ ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் சிலிண்டரில் மீட்டரைத்தானே பார்க்கிறாங்க?" என்று ஒரு மாணவர் கேட்டால் அவருக்கு நூற்றுக்கு நூறு போடலாம். 2021 கோடையில் கொரோனா இரண்டாம் அலையின்போது எத்தனையோ பேர் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்கள். அங்கே அந்த முள் பொய் சொல்லாது. பெரிய ஆக்சிஜன் சிலிண்டரின் கொள்ளளவு 46.7 லிட்டர், நிரப்பும் அழுத்தம் சுமார் 150 பார். பெருக்கினால் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் கொடுத்தால் 1,400 நிமிடம், சுமார் 23 மணி நேரம். முள் 75-க்கு இறங்கினால் பாதி தீர்ந்தது, இன்னும் 11 மணி நேரத்துக்குச் சற்று மேல். இவ்வளவு அழுத்தத்தில் உண்மை வாயு நல்லியல்பு வாயுவிலிருந்து கொஞ்சம் விலகும் என்றாலும் கட்டிலருகே போடுகிற கணக்குக்கு இது போதும்.

அதே இரும்பு, அதே மாதிரி முள். ஒன்றில் சரியாக வருகிறது, இன்னொன்றில் வரவில்லை. ஏன்? ஆக்சிஜனை 150 பாருக்கு அமுக்கியும் அது திரவமாகவில்லை. சமையல் வாயு ஆறு, ஏழு பாரிலேயே திரவமாகிவிட்டது.

இந்தக் கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய பெரிய ஆட்களை எல்லாம் அலைக்கழித்தது. 1823-இல் மைக்கேல் ஃபாரடே குளோரின் வாயுவைத் திரவமாக்கினார். பிறகு வேறு பல வாயுக்களும் பணிந்தன. ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் மட்டும் என்ன பண்ணியும் அசையவில்லை. வியன்னாவில் நாட்டரர் என்பவர் ஆயிரக்கணக்கான வளிமண்டல அழுத்தம் வரை ஏற்றிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. "இவை நிரந்தர வாயுக்கள்" என்று பெயர் வைத்து விட்டுவிட்டார்கள். பதில் பெல்ஃபாஸ்டிலிருந்து வந்தது. கார்பன் டை ஆக்சைடை வைத்துப் பொறுமையாக அளந்து வந்த தாமஸ் ஆண்ட்ரூஸ், 31 டிகிரிக்கு மேல் அந்த வாயுவை எவ்வளவு அமுக்கினாலும் திரவம் தனியாகப் பிரியவே பிரியாது என்று கண்டு 1869-இல் சொன்னார். ஒவ்வொரு வாயுவுக்கும் இப்படி ஒரு எல்லை உண்டு. அதைத்தான் நம் பாடநூல் நிலைமாறு வெப்பநிலை என்கிறது. அதுக்குக் கீழே வந்தால்தான் அமுக்குவது பலிக்கும்.

ஆக்சிஜனின் நிலைமாறு வெப்பநிலை கழித்தல் 118 டிகிரி. நாட்டரரிடம் அழுத்தத்துக்குப் பஞ்சம் இல்லை, குளிர்தான் போதவில்லை. 1877-இல் கய்யத்தேயும் பிக்தேயும் தனித்தனியாகக் குளிரவைத்துத்தான் ஆக்சிஜனைத் திரவமாக்கினார்கள். புரோப்பேனுக்கு அந்த எல்லை 97 டிகிரி, பியூட்டேனுக்கு 152. நம்ம அடுப்படி எவ்வளவு புழுங்கினாலும் இரண்டும் எல்லைக்கு வெகு கீழேதான் இருக்கும், அதனால் லேசாக அமுக்கியதும் திரவம்.

மூலக்கூறுகளுக்கு நடுவே ஈர்ப்பு உண்டு, மூலக்கூறுகளுக்கே சொந்தமாகக் கொஞ்சம் இடமும் வேணும் என்று இரண்டு திருத்தங்களைச் சேர்த்து 1873-இல் வான் டெர் வால்ஸ் தன் ஆய்வேட்டில் சமன்பாடு எழுதினார். அதுக்கு 1910-இல் நோபல் பரிசு கிடைத்தது. பரீட்சைக்காக அந்த 'ஏ', 'பி' மாறிலிகளை மனப்பாடம் பண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஈர்ப்பு இல்லாவிட்டால் எந்த வாயுவும் திரவமாகாது. நல்லியல்பு வாயுவில் ஈர்ப்பே கிடையாது என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுதான் சூத்திரத்தை எடுக்கிறோம். ஈர்ப்பை மறந்த சூத்திரத்திடம் போய்த் திரவத்தைப் பற்றிக் கேட்டால் அது 205 என்று சொல்லாமல் வேறென்ன சொல்லும்?

பள்ளிக்கூட ஆய்வகத்துக்கு வெளியே, அலுவலகத் தாழ்வாரத்தில் தீயணைப்பான்கள் தொங்கும். கவனித்துப் பாருங்க. உலர் மாவு வகையில் மீட்டர் இருக்கும். கார்பன் டை ஆக்சைடு வகையில் மீட்டரே இருக்காது, பெரிய கறுப்புக் கொம்பு மட்டும்தான். 31 டிகிரிக்குக் கீழே உள்ளே திரவமும் ஆவியும் சேர்ந்து இருப்பதால் மீட்டர் வைத்தாலும் அர்த்தமில்லை. அதை எடை போட்டுத்தான் சோதிப்பார்கள். மயக்க மருந்து டாக்டர்கள் பயன்படுத்தும் நைட்ரஸ் ஆக்சைடும் இதே ரகம். திரவம் தீரும் வரை முள் அசையாது.

இனி இன்னொரு பக்கம். திரவம் ஆவியாகணும் என்றால் வெப்பம் வேணும், உள்ளுறை வெப்பம். சமையல் வாயுவுக்கு அது கிலோவுக்குச் சுமார் 370 கிலோஜூல். வீட்டில் ஒரு பர்னர் எரியும்போது இது சுமார் 15 வாட்தான் வரும்; அறைக்காற்றிலிருந்து சிலிண்டர் இதைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். ஓட்டலில் கதை வேறு. மணிக்கு 2 கிலோ எரிகிற இடத்தில் 200 வாட் வேணும். காற்றால் அவ்வளவு வேகமாகக் கொடுக்க முடியாது. திரவம் தன் சூட்டையே கொடுத்து ஆவியாகும், தானே குளிர்ந்துபோகும். வெளியே தண்ணீர் முத்து முத்தாக வேர்க்கும், சில சமயம் வெண்பனிகூடப் படியும். குளிர்ந்தால் ஆவி அழுத்தம் இறங்கும், தீயும் இறங்கும். சிலிண்டரில் பாதி கேஸ் இருக்கும்போதே "கேஸ் வரலை" என்று சொல்வது இதனால்தான். பல சிலிண்டர்களை ஒரே குழாயில் இணைத்து வைத்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும். அதுதான் முறையான வழி.

முறையில்லாத வழி இரண்டு உண்டு. சிலிண்டரைக் கொதிக்கும் தண்ணீர் அண்டாவில் வைப்பது ஒன்று, படுக்கப் போடுவது இன்னொன்று. முதலாவதில் ஆவி அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பது நம் கையில் இல்லை. இரண்டாவது அதைவிட மோசம். சிலிண்டர் படுத்தால் வால்வு வாயில் ஆவிக்குப் பதில் திரவம் நிற்கும். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாகும். ஆவிக்காகச் செய்த ரெகுலேட்டரும் பர்னரும் இதைத் தாங்காது. ஆளுயரத்துக்குத் தீ எழும்பும்.

இந்தக் குளிர்ச்சியில் ஒரு நல்ல உபயோகமும் இருக்கு. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது சிலிண்டர் மேல் ஈரத்துணியால் ஒரே சீராகத் துடைத்துவிட்டுக் காத்திருங்கள். மேல்பகுதி முதலில் காயும், கீழே ஈரம் கொஞ்ச நேரம் நிற்கும். ஈரம் நிற்கிற இடம் வரைக்கும் திரவம். மீட்டரைவிட இந்தத் துணி நம்பகமானது, காசும் செலவில்லை.

கடைசியாக அவகாட்ரோ. 1811-இல் அவர் சொன்னது எளிமையானது: ஒரே வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தில், சம கன அளவுள்ள வாயுக்களில் மூலக்கூறு எண்ணிக்கையும் சமம். கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1860-இல் கார்ல்ஸ்ரூ மாநாட்டில் கன்னிசாரோ எடுத்துச் சொன்ன பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நம் பாடத்தில் ஒரு வரியாக வந்து போகிற இந்த விதியில்தான் அடுப்படியில் உயிர் காக்கிற விஷயம் இருக்கிறது.

எண்ணிக்கை சமம் என்றால், எது கனம் என்பதை மூலக்கூறின் நிறையே தீர்மானிக்கும். காற்றின் சராசரி மோலார் நிறை 29. சமையல் வாயு 51. அதாவது காற்றைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் கொட்டின மாதிரி தரையில் பரவும், மேடைக்கு அடியில் தேங்கும், வாசற்படி தாண்டித் தாழ்வான அறைக்கு வழியும்.

காற்றில் இந்த வாயு சுமார் 2 சதவீதம் சேர்ந்தால் பற்றிக்கொள்ளும் நிலை. 10 அடி நீளம், 8 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஓர் அடுப்படி எடுத்துக்கொள்வோம்: சுமார் 22,650 லிட்டர். இதில் 2 சதவீதம் 453 லிட்டர், எடையில் 940 கிராம். "கிட்டத்தட்ட ஒரு கிலோ கசிஞ்சாத்தானே ஆபத்து" என்று தோன்றும். அறை முழுக்கச் சமமாகக் கலந்தால்தான் அந்தக் கணக்கு. கலக்காமல் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் தங்கினால் பத்தில் ஒரு பங்கு போதும், 94 கிராம். திரவமாக அது ஒரு சின்ன டம்ளர் அளவுகூட இல்லை. பால் பொங்கித் தீ அணைந்து, பர்னர் திறந்தே இருந்தால், 40 நிமிடத்தில் அவ்வளவு வந்துவிடும். நின்றுகொண்டிருக்கிற நம் மூக்கு உயரத்தில் வாசனை லேசாகத்தான் இருக்கும், கால் பக்கம் பற்றத் தயாராக இருக்கும்.

அந்த வாசனையும் வாயுவுடையது அல்ல. சமையல் வாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைத் துளியூண்டு சேர்க்கிறார்கள்.

இங்கே மாணவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. கனமான வாயு எப்போதும் கீழேயே இருக்குமா? கார்பன் டை ஆக்சைடு 44 ஆயிற்றே, ஏன் தரையில் படியவில்லை? ஒருமுறை கலந்துவிட்டால் மூலக்கூறுகளின் ஓயாத ஓட்டம் அதைத் திரும்பப் பிரிய விடாது. கலப்பதற்கு முன்னால், ஒரே இடத்தில் கொத்தாக வந்து விழும்போதுதான் கனம் வேலை செய்கிறது. மூடிக்கிடக்கிற அறையில் ராத்திரி முழுக்கக் கசிவது அந்த மாதிரி.

ஆகவே வாசனை வந்தால் சுவிட்சைத் தொடக்கூடாது. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது; இணைப்பு பிரியும்போதும் பொறி வரும். எக்ஸாஸ்ட் ஃபேனும் அதில் சேர்த்தி. பர்னரையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, முக்கியமாகக் கீழே தரையோடு காற்று போகிற வழியைத் திறந்து, எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய், வெளியே நின்று 1906-க்குப் போன் பண்ணணும். சமையல் வாயுக் கசிவுக்கான அவசர எண் அது.

நகரங்களில் இப்போது குழாய் வழியாக வருகிற கேஸ் வேறு ஜாதி. அது பெரும்பாலும் மீத்தேன், மோலார் நிறை 16, காற்றில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். கசிந்தால் மேலே கிளம்பி மேற்கூரைப் பக்கம் தேங்கும். கசிவு காட்டும் கருவி வாங்கி மாட்டுவதாக இருந்தால், சிலிண்டர் வீட்டில் தரையிலிருந்து ஓர் அடிக்குள், குழாய் கேஸ் வீட்டில் கூரைக்குக் கீழே ஓர் அடிக்குள். சிலிண்டரிலிருந்து குழாய்க்கு மாறுகிறவர்கள் பழைய கருவியைக் கீழேயே விட்டுவிடக் கூடாது. இடத்தை மாற்றணும், அந்தக் கருவி மீத்தேனை உணருகிற வகைதானா என்றும் பார்க்கணும்.